கல்லச்சும் தணிக்கையும்: பிரெஞ்சு இதழ்களில் அங்கதப் படங்கள் (1830–1851)

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்துவது தொல்காப்பிய மரபு. சொல்லுக்கு வகுக்கப்பெற்ற இப்பாகுபாடு படத்திற்கு எவ்வளவு பொருந்தும் என்னும் வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இதழ்கள் எழுப்புகின்றன. லூயி பிலிப் ஆட்சியில் (1830–1848) அரசரைச் சாடிய கேலிப்படம் சமூகத்தைச் சாடுவதாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இப்படங்களுக்கு அடிப்படை கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள கரிக்கோலால் ஓவியர் நேரடியாக வரைவார். நீர் தடவிய கல்லில், வரைந்த இடத்தில் மட்டுமே மை பற்றும். செப்புத் தகட்டில் செதுக்கும் உழைப்பு இதில் இல்லை. ஆகவே, படம் செய்தியோடு ஒட்டி நடக்க முடிந்தது.

சார்ல் ஃபிலிப்போன் 1830இல் ‘லா காரிகாத்தூர்’ என்னும் வார இதழையும் 1832இல் ‘லெ ஷாரிவாரி’ என்னும் நாளிதழையும் தொடங்கினார். 1831 நவம்பரில் நடந்த வழக்கில், அரசரின் முகம் நான்கு படிகளில் பேரிக்காயாவதை வரைந்து காட்டினார். ஒப்புமையே குற்றமெனில் பேரிக்காயையும் தண்டிக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் தண்டிக்கப்பெற்றார்; பேரிக்காயோ பாரிஸின் சுவர்களெங்கும் பரவியது. பழிகரப்பிற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. ஏழைகளின் காசை விழுங்கும் பூதமாக அரசரை வரைந்த ஒனோரே தோமியே 1832இல் சிறை சென்றார். 1834இல் படைவீரர் ஒரு வீட்டினுள் புகுந்து குடியிருந்தோரைக் கொன்றதை அவர் ‘திரான்ஸ்னோனேன் தெரு’ என்னும் படமாக்கினார். இதில் நகையும் இல்லை, கரப்பும் இல்லை. இரவு உடையில் கிடக்கும் பிணமும் அதனடியில் நசுங்கிய குழந்தையுமே உள்ளன. இதழின் தண்டத்தொகைகளைச் செலுத்தத் தொடங்கப்பட்ட சந்தா வரிசையிலேயே இப்படம் வெளிவந்தது.

1830ஆம் ஆண்டுச் சாசனம் தணிக்கையை மீண்டும் நிறுவலாகாது என்றது. எனினும், 1835 செப்டம்பர்ச் சட்டம் படத்திற்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கியது. சாசனம் காப்பது கருத்தை. கண்ணை நோக்கிப் பேசும் படமோ செயலாகிவிடுகிறது என்று அரசு வாதிட்டது. படத்தின் ஆற்றலை அதன் பகைவரே ஒப்புக்கொண்ட இடம் இது.

இதன்பின் தோமியே 1836–38இல் ‘ஷாரிவாரி’யில் ரொபேர் மக்கேர் வரிசையின் 100 படங்களை வரைந்தார். படவுரையை அமைத்தவர் ஃபிலிப்போன். நாடகமேடையில் பெயர்பெற்ற திருடனான மக்கேர், இங்கே வங்கி தொடங்குகிறான், பங்கு விற்கிறான், வழக்கறிஞனாகவும் மருத்துவனாகவும் வருகிறான். இதனை அரசியலிலிருந்து பின்வாங்கியதாகக் கொள்வது பொருந்தாது. ஆண்டுக்கு 200 ஃபிராங்கு நேர்வரி செலுத்தியோர்க்கே அன்று வாக்குரிமை இருந்தது. பணம் படைத்தோரே ஆள்வோர் எனில், பங்கு வணிகனை வரைவது ஆட்சியை வரைவதேயாகும். பேரிக்காயில் மறைந்திருந்தவர் ஒருவர். மக்கேரிலோ ஒரு வகுப்பே மறைந்துள்ளது. இதழின் வாசகருள்ளும் அவ்வகுப்பினர் இருந்திருப்பர் என்பதையும் மறத்தலாகாது.

1848 புரட்சியால் தணிக்கை நீங்கியதும் அரசியல் படங்கள் மீண்டன. 1850–51இல் தோமியே படைத்த ரத்தப்புவால், லூயி நெப்போலியனுக்காகத் தெருவில் ஆள்திரட்டும் தடியேந்திய அடியாள். அவன் எந்தத் தனிமனிதனின் சாயலும் அல்லன். மக்கேரைப் போலவே ஒரு வகைமாதிரி.