இருவர் நாணயச் சுண்டல்

இருவர் நாணயச் சுண்டல் என்பது, ஒருவரையொருவர் நம்பாத இருவர் நடுவர் எவருமின்றித் தொலைவிலிருந்தே செய்திகளைப் பரிமாறிப் பூவா தலையா எனத் தீர்மானிக்கும் மறையீட்டியல் நெறிமுறை ஆகும். ஏமாற்றுபவரால் ஒரு முடிவின் நிகழ்தகவை 1/2 இலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ, அதுவே நெறிமுறையின் சாய்வு எனப்படும். இச்சாய்வைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்க இயலாது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், பெயர் எழுதிய ஓலைகளைச் சபையோர் முன்னிலையில் ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுத்தான். தொலைபேசியின் இரு முனைகளில் இருப்போர்க்கு அத்தகைய பொதுக்குடம் இல்லை. இதற்கு 1981 இல் மானுவேல் பிளம் ஒரு வழி கூறினார். முதலாமவர் 0 அல்லது 1 ஐத் தேர்ந்து, பின்னர் மாற்றவியலாதபடி பூட்டி அனுப்புவார். இரண்டாமவர் தம் எண்ணை வெளிப்படையாகக் கூறுவார். பின்னர் பூட்டு திறக்கப்படும். இரு எண்களும் ஒன்றாயின் பூ, வேறாயின் தலை.

ஆனால் முடிவை முதலில் அறிபவர் பூட்டைத் திறக்காமலே தொடர்பைத் துண்டிக்கலாம். துண்டித்தவர் தோற்றதாகக் கொண்டால் என்ன? இருவர் விருப்பமும் எதிரெதிர் என முன்பே தெரிந்தால் அது போதும். யாருக்கு எது வேண்டும் எனத் தெரியாதபோது, விலகுவதே வேண்டிய முடிவைப் பெறும் வழியாகிவிடும். எனவே எஞ்சியவர் தாமே ஒரு முடிவை அறிவித்தாக வேண்டும்.

இங்குள்ள எல்லையை 1986 இல் ரிச்சர்டு கிளீவ் நிறுவினார். எதிராளி இப்போதே விலகினால் அறிவிக்க வேண்டிய மாற்று முடிவு ஒன்று ஒவ்வொரு கட்டத்திலும் இருவரிடமும் இருக்கும். தொடக்கத்தில் இவ்விரண்டும் தொடர்பற்றவை. ஆகவே ஒத்துப்போக வாய்ப்பு 1/2. இறுதியில் இரண்டும் ஒன்றே, வாய்ப்பு 1. இவ்வளவு ஏற்றமும் r சுற்றுகளுக்குள் நிகழ்வதால், ஏதோ ஒரு படியிலேனும் 1/r அளவிலான தாவல் இருந்தே தீரும். அப்படியில் விலகுபவர் அவ்வளவு சாய்வைப் பெறுவார். எவ்வளவு வலிய பூட்டும் இதைத் தடுக்காது.

பல சுண்டல்களின் பெரும்பான்மையை முடிவாகக் கொள்ளும் பழைய நெறிமுறையின் சாய்வு ஏறத்தாழ 1/√r. சுற்றுகள் 10,000 எனில் இது 1/100 அளவு. கிளீவின் எல்லையோ 1/10,000 அளவு. இவ்விடைவெளி இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2009 இல் டால் மோரன், மோனி நாவோர், கில் செகெவ் ஆகியோர் 1/r அளவை எட்டினர். அதற்கு எளிய பூட்டினும் வலிய கருவி தேவைப்பட்டது. ஒருவழிச் சார்புகளை அவற்றின் உள்ளமைப்பைத் தொடாமல் பயன்படுத்தும் நெறிமுறைகள் 1/√r அளவைத் தாண்ட இயலாது என 2020 இல் ஹேமந்த மாஜி, மிங்யுவான் வாங் ஆகியோர் நிறுவினர்.