வழக்கு ஆவணம் கைக்கு வந்தாச்சா? அன்றே கெடு தொடங்கிவிடும்!

சிராங்கூன் ரோட்டில் கடை நடத்துறீங்க. ஒருவர் வந்து சிவில் வழக்கு ஆவணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேசையில் போட்டுவிடலாமா?

கூடாது. வழக்கு பதிவான நாளிலிருந்து அல்ல, கோரிக்கை அறிக்கை உங்களிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்தே கெடு ஓடும்.

2022 ஏப்ரல் 1 நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி:

• 14 நாளுக்குள்: வழக்கை எதிர்க்கிறீர்களா, இல்லையா எனத் தெரிவிக்கவேண்டும்
• 21 நாளுக்குள்: எதிர்வாதத்தைத் தாக்கல் செய்யவேண்டும்

வெளிநாட்டில் சேர்க்கப்பட்டால் முறையே 21 நாள், 5 வாரம்.

கெடு தவறினால்?

உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பளிக்கும்படி எதிர்த்தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஆவணம் கொடுக்க வருபவரைத் தவிர்த்தால் தப்பிக்கலாமா?

கஷ்டம்தான். நீதிமன்ற அனுமதியுடன் கதவில் ஒட்டலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். ஃபேஸ்புக், ஸ்கைப் வழியாகச் சேர்க்கவும் 2016இல் உயர்நீதிமன்றம் அனுமதித்துள்ளது.

தேதியைக் குறிச்சு வையுங்க. வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்க.