அப்பா தறியில... நீங்க காலேஜ்ல... ஃபீஸ் யார் கட்டுறது?

'தந்தையின் மாத வருமானம்?'

அப்ளிகேஷன்ல இந்தக் கட்டம் வந்ததும் உங்க பேனா அப்படியே நின்னு போகுதா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பசங்களுக்கு இது ரொம்பப் பழகின தடுமாற்றம். அப்பாவுக்கு மாசச் சம்பளம் கிடையாது. சேலையை நெய்து அறுத்துக் கொடுத்தாத்தான் கூலி. பட்டும் ஜரிகையும் வரலைன்னா தறி சும்மா கிடக்கும். இதை எப்படி ஒரு கட்டத்துக்குள்ள எழுதறது? 'வட்டிக்கு வாங்கியாவது கட்டிடலாம்டா'ன்னு அப்பா கிளம்புறதும், 'வேணாம்பா, நானும் தறியிலயே உட்கார்ந்துடறேன்'னு நீங்க சொல்றதும் இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

கொஞ்சம் பொறுங்க ஃப்ரெண்ட்ஸ்! வட்டிக்காரர் வீட்டுக்கு முன்னாடி நீங்க தட்ட வேண்டிய கதவுகள் சில இருக்கு.

கூச்சமா? மூட்டை கட்டுங்க!

"ஸ்காலர்ஷிப் வாங்குறேன்னு தெரிஞ்சா கிளாஸ்ல என்ன நினைப்பாங்க?" இதுதானே உங்க கவலை? உங்க ஊர்க்காரர் ஒருத்தரையே பாருங்க. 1909-ல காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்துக்காகக் கொஞ்ச காலம் நகராட்சி ஆபீஸ்ல கிளார்க்கா வேலை பார்த்தார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்து பி.ஏ. ஆனர்ஸ், எம்.ஏ. முடிச்சார். 1967-ல தமிழ்நாட்டோட முதலமைச்சர். ஆமாம், அறிஞர் அண்ணாதான்!

அவர் படிச்ச அந்தக் காலேஜே ஒருத்தரோட அறக்கட்டளையில வந்ததுதான். வள்ளல் பச்சையப்பர் 1794-ல உயில் எழுதி வெச்ச சொத்து, கோர்ட் வழக்குகளைத் தாண்டி 1842-ல பள்ளிக்கூடமாச்சு, பிறகு காலேஜாச்சு. அங்கே படிச்சதால அண்ணா ஒண்ணும் குறைஞ்சு போயிடலையே!

எந்தக் கதவைத் தட்டலாம்?

முதல் பட்டதாரி: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க... யாருமே டிகிரி முடிக்கலையா? தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை தர்ற இந்தத் திட்டம் 2010-11-ல தமிழ்நாட்டுல வந்தது. சாதியோ வருமானமோ பார்க்கிறதில்லை. ஆனா ஒரு கண்டிஷன்: அரசு கவுன்சலிங் வழியா சேர்ந்திருக்கணும். 'நமக்குத் தெரிஞ்ச காலேஜ்தான்'னு மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் வாங்கினீங்களோ, சலுகை போச்சு! கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை அப்பாகிட்ட சொல்லுங்க. ஹாஸ்டல், பஸ், எக்ஸாம் ஃபீஸ் இதுல சேராது.

7.5 சதவீத இட ஒதுக்கீடு: ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? இந்த ஒதுக்கீட்டுல இன்ஜினீயரிங் போன்ற படிப்புகள்ல சேர்றவங்களுக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூணையும் அரசே ஏற்கும்னு 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க.

மாசம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர் 5-லயும், பசங்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9-லயும் தொடங்கின. புதுமைப் பெண், பழைய திருமண உதவித் திட்டத்தை மாத்தி உருவாக்கினது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குத் திருப்பினாங்க! வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம்னு சொல்லித்தான் அதைக் கொண்டு வந்தாங்க.

தறிக்காரங்க பிள்ளைகளுக்கு: ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஆசையா? 2021-22-ல இருந்து 2025-26 வரைக்குமான தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்துல, ஒரு நெசவாளர் குடும்பத்துல ரெண்டு பிள்ளைகள் வரைக்கும், அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்கள்ல படிக்க, வருஷம் 2 லட்சம் வரை உதவின்னு இருந்தது. இப்போ நிலவரம் என்னன்னு காஞ்சிபுரத்துல இருக்கிற நெசவாளர் சேவை மையத்துல கேளுங்க. அப்பாவோட நெசவாளர் அடையாள அட்டை கையில இருக்கட்டும். கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்துல அவர் உறுப்பினரா இருந்தா, அங்கேயும் படிப்பு உதவி உண்டு.

பேப்பர்தான் பிரம்மாஸ்திரம்!

தகுதி இருந்தும் பணம் கிடைக்காம போறது பெரும்பாலும் பேப்பர்லதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூணையும் இ-சேவை மையத்துலயே அப்ளை பண்ணலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு விசாரணை நகர நாளாகும். ரிசல்ட் வந்த அப்புறம் ஊரே கியூவுல நிக்கும், நீங்க முன்னாடியே போயிடுங்க. சங்கத்துல நெய்றவங்கன்னா கூலிக் கணக்கை எடுத்துட்டுப் போங்க. விசாரணையில வருமானத்தைச் சொல்ல அது உதவும்.

மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் பணம் அந்தரத்துல நிக்கும். உங்க பேர்ல உள்ள அக்கவுன்ட்டுல ஆதாரையும் இணைச்சிடுங்க. எதைக் கொடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ், ஒப்புகைச் சீட்டு உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் அப்புறம் பணம் இடிச்சா, கல்விக் கடன். 4 லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து ஜாமீன் தேவையில்லை. அப்பா அல்லது அம்மா கூடக் கையெழுத்துப் போட்டா போதும். ஆனா இது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். அதனால கடைசிக் கதவு.

கோர்வைச் சேலை நெய்றப்போ கரையையும் உடலையும் ஒவ்வொரு இழையா கோக்கணும். அந்தப் பொறுமையைப் பார்த்து வளர்ந்தவங்க நீங்க. நாலு ஆபீஸ் ஏறி இறங்கறது உங்களுக்குப் பெரிய விஷயமா என்ன? வருமானக் கட்டத்துல 'நெசவுக் கூலி'ன்னு நிமிர்ந்து எழுதுங்க. நாளைக்குக் காலையில முதல் வேலை, இ-சேவை மையம். ஆல் தி பெஸ்ட்!