இரு சக்கரத்தில் இரு நண்பர்கள்

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



படிப்பு முடிந்த மறுநாள் என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் வகுப்பில் ஒரு மத்தியானம் கேட்டுப் பார்த்தேன். "நல்லா தூங்குவேன்" என்றான் ஒருத்தன். "பயோடேட்டாவ எடுத்துக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குவேன்" என்றான் இன்னொருத்தன். "மொதல்ல அரியர் முடியட்டும்டா, அப்புறம் பேசுவோம்" என்றான் மூன்றாமவன். எல்லோரும் சிரித்தோம்.

1890-ம் வருடம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய இரண்டு நண்பர்கள் செய்த காரியமே வேறு. பட்டம் வாங்கிய மறுநாளே நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள். அங்கே கப்பல் ஏறி, இங்கிலாந்தில் இறங்கி, சைக்கிளில் உலகத்தையே சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அதில் மிகக் கஷ்டமான பகுதி, சீனாவை மேற்கு எல்லையிலிருந்து தலைநகர் பீகிங் வரை சைக்கிளிலேயே கடந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யார் இவர்கள்?

ஒருவர் தாமஸ் ஆலன். மற்றவர் வில்லியம் சாக்ட்லெபன். பிற்பாடு இருவரும் சேர்ந்து 'அக்ராஸ் ஏஷியா ஆன் எ பைசிகிள்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். 1894-ல் வெளிவந்தது. நான் அதைச் செல்போனில் அகராதியும் கையுமாகப் படித்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவனுக்கு அந்த இங்கிலீஷ் லேசில் பிடிபடவில்லை. ஆனாலும் விடவில்லை.

சாதனை படைக்க வேண்டும் என்று நாங்கள் கிளம்பவில்லை என்று முன்னுரையில் அவர்களே சொல்கிறார்கள். வேற்று நாட்டு மக்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழக வேண்டும், அதுதான் ஆசை. அதனால் வழிகாட்டியும் வைத்துக்கொள்ளவில்லை, மொழிபெயர்ப்பாளரும் வைத்துக்கொள்ளவில்லை. போகிற நாட்டில் எல்லாம் அந்த ஊர்ப் பாஷையைக் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். இங்கிலீஷ் தெரியாதே என்று பயந்து நடுங்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். தெரியாத பாஷையில் ஒரு தேசத்தையே கடந்தவர்கள் அவர்கள்!

எந்த மாதிரி சைக்கிள்?

நம் துறைக்காரர்களுக்கு இது முக்கியம். இவர்களுக்கு முன்னால் 1884 முதல் 1887 வரை தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சைக்கிளில் உலகைச் சுற்றியிருந்தார். அவர் ஓட்டியது முன் சக்கரம் பெரிதாகவும் பின் சக்கரம் சின்னதாகவும் இருக்கும் பழைய உயரச் சைக்கிள். அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன் சக்கரத்து அச்சிலேயே இருக்கும். ஒரு தடவை மிதித்தால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. அவருடைய முன் சக்கரம் 50 அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு மிதிக்குச் சுமார் 4 மீட்டர் போகும். இன்னும் அதிகம் போகணும் என்றால் சக்கரத்தைப் பெரிதாக்கணும். ஆனால் கால் எட்ட வேண்டுமே! ஒரு கல் தடுக்கினாலும் ஆள் தலைகுப்புற விழுவான்.

1885-ல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் செயின். நாம் இன்றைக்கு ஓட்டுவது இந்த ஜாதி சைக்கிள்தான். என் அப்பாவின் பழைய சைக்கிளில் பல்லை எண்ணிப் பார்த்தேன். செயின் வீலில் 44, பிரீவீலில் 18. 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. அதாவது ஒரு மிதிக்குப் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை சுற்று. சக்கரம் 28 அங்குலம்தான், ஆனால் ஒரு மிதிக்குச் சுமார் 5.5 மீட்டர் போகிறது! சக்கரத்தைப் பெரிதாக்காமல் பல் எண்ணிக்கையை மாற்றியே தூரத்தைக் கூட்டிவிட்டார்கள். கியர் ரேஷியோ என்று வகுப்பில் படிக்கிறோமே, அதன் அருமை இதுதான்.

ஆலனும் சாக்ட்லெபனும் இந்தப் புது வகைச் சைக்கிளில்தான் போனார்கள். ஆனால் நம் சைக்கிள் மாதிரி சுகம் கிடையாது. டன்லப் சைக்கிளுக்குக் காற்று டயரைக் கொண்டுவந்ததே 1888-ல்தான். அது பரவாத காலம். அந்த நாட்களில் பிரீவீலும் பழக்கத்துக்கு வரவில்லை. இறக்கத்தில் கூடப் பெடல் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை எடுத்து முன் போர்க்கில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீனா வரை

லண்டனில் இருந்தபோதுதான் திட்டம் போட்டார்கள். மேற்குச் சீனா, கோபி பாலைவனம், மத்திய சீனா, இவைதான் ரொம்ப ஆபத்தான இடங்கள் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன். அவர் மூலமாகச் சீனப் பாஸ்போர்ட்டுக்கு முயற்சி செய்தார்கள். ஆபத்து என்று சொன்ன பிறகும் பின்வாங்கவில்லை.

பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் எல்லாம் கடந்து 1891 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டி ஆசியாவில் கால் வைத்தார்கள். துருக்கியில் அரராத் மலை உச்சி வரை ஏறினார்கள். பிறகு பாரசீகம் வழியாக மத்திய ஆசியா. 1891-92 குளிர்காலத்தை இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் தாஷ்கண்டில் கழித்துவிட்டு, 1892 மே மாதம் மறுபடியும் சைக்கிளை எடுத்தார்கள்.

சீனாவுக்குள்ளே

சீனாவில் அவர்கள் நுழைந்தது குல்ஜா என்ற ஊர் வழியாக. அங்கிருந்து பீகிங் 4,000 கிலோமீட்டருக்குக் குறையாது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரத்தை விட அதிகம்! அன்றைக்குத் தார் ரோடு இல்லை. மாட்டு வண்டியும் ஒட்டகமும் போன தடம்தான் பாதை.

முதல் தலைவலி பணம். அக்காலச் சீனாவில் சில்லறை என்றால் நடுவில் ஓட்டை போட்ட பித்தளைக் காசு. கயிற்றில் மாலையாகக் கோர்த்துத்தான் தூக்கிப் போவார்கள். மதிப்பு கம்மி, கனம் ஜாஸ்தி. பெரிய தொகை என்றால் வெள்ளிக் கட்டி. அதை வெட்டி, தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். லாரியில் பாரம் ஏற்றுகிறவனுக்குக் கிலோ பெரிசில்லை. சைக்கிளில் போகிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. ஏற்றத்தில் அத்தனையையும் அவன் கால்தான் தூக்க வேண்டும்.

அடுத்த தலைவலி கூட்டம். சைக்கிளையே பார்க்காத ஊர்கள் அவை. எந்த ஊருக்குப் போனாலும் ஜனம் மொய்த்துவிடும். ஓட்டிக் காட்டு, ஓட்டிக் காட்டு என்று விடமாட்டார்கள். அலுப்பாக இருந்தாலும் ஓட்டிக் காட்டித்தான் ஆகணும். அதுதான் அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழி திறந்துவிட்டது.

உரும்சி, ஹாமி ஊர்களைத் தாண்டியதும் கோபி பாலைவனம். பாலைவனம் என்றதும் சினிமாவில் பார்க்கிற மணல் மேடு என்று நினைக்க வேண்டாம். கோபியில் பெரும்பகுதி சரளைக்கல் தரை. ஹாமியிலிருந்து சீனப் பெருஞ்சுவரின் மேற்குக் கோடி வாசலான ஜியாயுகுவான் வரை 600 கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் இருக்கிற இடம் தெரிந்துதான் அடுத்த நாள் ஓட்டத்தைத் திட்டமிட முடியும். அந்த வாசல் வழியாக உள்ளே புகுந்து, லான்சௌ வழியாகச் சென்று, 1892 நவம்பரில் பீகிங்கை அடைந்தார்கள். பிறகு தியான்ஜின் நகரில், சீனாவின் பெரிய அரசியல் தலைவரான லீ ஹோங்சாங்கைச் சந்தித்துப் பேசினார்கள்.

அதே வருடம் கிறிஸ்துமஸ் இரவில் சான்பிரான்சிஸ்கோவில் கப்பலில் இருந்து இறங்கினார்கள். அமெரிக்காவையும் சைக்கிளிலேயே கடந்து 1893-ல் நியூயார்க் சேர்ந்தபோது, கிளம்பி மூன்று வருடம் ஆக இருபது நாள்தான் பாக்கி. சைக்கிளில் ஓட்டிய தூரம் 15,044 மைல், அதாவது 24,000 கிலோமீட்டருக்கும் மேல். எடுத்த புகைப்படங்கள் 2,500-க்கு மேல். என் அப்பா சைக்கிள் கணக்குப்படி பார்த்தால் சுமார் 44 லட்சம் மிதி!

ஏன் இரண்டு பேர்?

படித்து முடித்ததும் எனக்குள் இந்தக் கேள்விதான் வந்தது. இதையே ஒருத்தர் தனியாகச் செய்திருக்க முடியாதா?

நம் பாடப்படி ஒரு காரணம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றுத் தடை குறையும். எதிர்க்காற்றில் மாறி மாறி முன்னால் போனால் இருவருக்கும் மிச்சம். பாரத்திலும் லாபம். ஒரு ஸ்பேனர் செட் இரண்டு பேருக்குப் போதும். ஒருத்தர் தண்ணீர் தேடிப் போனால் மற்றவர் சைக்கிளுக்குக் காவல்.

ஆனால் இதெல்லாம் சின்னக் காரணம். பெரிய காரணத்தைச் சொல்ல இன்னொருவர் கதையைச் சொல்ல வேண்டும்.

பிராங்க் லென்ஸ் என்று பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர். 1892-ல் அவரும் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். ஆனால் தனியாக. சைக்கிள் இவர்களுடையதை விட நல்லது, காற்று டயர் போட்டது. ஓட்டுவதிலும் கெட்டிக்காரர். ஜப்பான், சீனா, பர்மா கடந்து நம் இந்தியாவுக்குள்ளும் ஓட்டினார். பிறகு பாரசீகம். 1894 மே மாதம் துருக்கியில் எர்சுரும் நகரத்தை நோக்கிப் போனவர், போய்ச் சேரவே இல்லை. மாதக்கணக்கில் கடிதம் இல்லை, தகவல் இல்லை.

அவரைத் தேடிப் போனது யார் தெரியுமா? நம் சாக்ட்லெபன்! 1895-ல் அவ்வளவு தூரம் திரும்பப் போய் விசாரித்தார். லென்ஸ் கொல்லப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

இரண்டு பேராகப் போயிருந்தால் லென்ஸ் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது கலவரம் மூண்ட காலம். ஆனால் என்ன நடந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் போனது பாருங்கள், அதுதான் மனசைப் பிசைகிறது. கூட ஒருத்தர் இருந்தால் வழி சுலபமாகிறது என்பது பாதிதான். நாம் நின்றுவிட்டால் அது உடனே தெரிவதற்கு ஒருத்தர் இருக்கிறார் என்பதுதான் மீதிப் பாதி.

கடைசியாக ஒரு விஷயம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதியே விடுகிறேன்.

முதல் வருஷத்தில் நானும் ஒரு சிநேகிதனும் சேர்ந்துதான் சைக்கிளில் வருவோம். ஒரு பக்கம் 11 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அவன் வீட்டிலும் அவன்தான் முதல். வீட்டில் பாடத்தைக் கேட்க ஆள் இல்லாத இரண்டு பேர், வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே மேத்ஸ் பார்முலா சொல்லிக்கொள்வோம். மூன்றாவது செமஸ்டரில் அவனுக்கு நாலு அரியர் விழுந்தது. அவன் வருவது நின்றது. நான் ஒரு வாரம் விசாரித்தேன். அப்புறம் எனக்கும் ரெக்கார்டு நோட், இன்டர்னல் டெஸ்ட் என்று வேலை இருந்தது. ஒரு வருஷம் தனியாகவே மிதித்தேன்.

லென்ஸ் கதையைப் படித்த வாரம்தான் அவன் வீட்டுக்குப் போனேன். "வாப்பா, அவன் பட்டறைக்குப் போயிருக்கான். ஒன்னைப் பத்திப் பேசாத நாளில்ல" என்றார் அவன் அம்மா. எனக்குத் தலை நிமிரவில்லை. பட்டறையில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பாஸ்பரஸிலிருந்து பீகிங் வரை அவனுக்குக் கதை சொன்னேன். கடைசி வரை கேட்டான். இந்த முறை இரண்டு அரியருக்குப் பரீட்சைப் பணம் கட்டியிருக்கிறான். வேலையையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போய் வருகிறேன். பாஸாவானா என்று தெரியாது. ஆனால் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும்.

நண்பர்களே, உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இப்போது கூப்பிடாத பெயர் ஒன்றாவது இருக்கும். அந்த வீடு சைக்கிளில் போகும் தூரம்தான். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.