வகுப்பறையில் ஆசிரியர் தோற்றம்

நல்லாசிரியரின் இயல்புகளைக் கூறப்புகுந்த நன்னூலார் பவணந்தி முனிவர், அவரை நான்கு பொருள்களோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. பாயிரப் பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நம்மில் பலரும் இந்நான்கையும் வரிசை பிறழாமல் சொல்லிவிடுவோம். ஆயினும், மலையின் இயல்பைச் சொல்லுமிடத்து அதன் அளவு, அதன்கண் உள்ள பொருள், அசைக்க இயலாத நிலை ஆகியவற்றோடு அதன் தோற்றத்தையும் அவர் சேர்த்து எண்ணியிருப்பதை எத்தனைபேர் நின்று நோக்கியிருப்போம்? தொலைவில் நிற்பவர்க்கும் மலை உயர்ந்து தோன்றும். அதனிடம் என்ன வளம் உண்டு என்று அறியாதவனும் அதனைக் கண்டு ஏதோ ஒன்றை எதிர்பார்த்து அதனை நோக்கி நடக்கிறான். புலமை உள்ளே இருப்பது மட்டும் போதாது, அது மாணாக்கர் கண்ணுக்குத் தோன்றவும் வேண்டும் என்பது 13-ஆம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டிருந்தது.

தோற்றம் என்றவுடன் பகட்டு என்று பொருள் கொண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. “அறிவு இருந்தால் போதும், ஆடை எதற்கு, நடை எதற்கு?” என்று வினவுவோரும் உண்டு. இவ்வினா தமிழாசிரியரிடத்துத்தான் பெரிதும் எழுகிறது. கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பை எண்ணிப் பார்ப்போம். வணிகவியலும் இயற்பியலும் கணினி அறிவியலும் பயில வந்த 60, 70 மாணவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் பலர் அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வு நேரமாகவே கருதி வந்துள்ளனர். திரைப்படங்கள் பலவற்றில் தமிழாசிரியர் நகைப்புக்குரிய ஒருவராகவே காட்டப்பட்டு வந்துள்ளார். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவன் முன்னே ஓர் இளம் ஆசிரியர் வந்து நிற்கிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஏதோ ஒன்று முடிவாகிவிடுகிறது. அம்முடிவு தவறாக அமைந்துவிடின், சிலம்பும் சீறாவும் அந்த மாணவனுக்குப் பருவத் தேர்வின் சில மதிப்பெண்களாகவே நின்றுவிடும். ஆகவே இது ஆசிரியரின் தன்மதிப்பு பற்றிய செய்தி மட்டும் அன்று. ஒரு பாடத்தின் வாழ்வும் இதில் அடங்கியுள்ளது.

முதற் காட்சியின் வலிமைக்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) பாடங்கேட்க 1870-களின் தொடக்கத்தில் மாயூரம் சென்ற உ.வே. சாமிநாதையர், தம் ஆசிரியரை முதன்முதலில் கண்ட காட்சியை ‘என் சரித்திரம்’ நூலில் விரித்துரைத்துள்ளார். அந்நூல் ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வெளிவந்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆசிரியரின் நடையும் முகத்தின் அமைதியும் மாணாக்கரின் நெஞ்சில் நேற்றுக் கண்டவைபோல் நின்றிருந்தன. பிள்ளையவர்கள் செல்வர் அல்லர், பகட்டை அறியாதவர். தம் வறுமையிலும் மாணாக்கர்களைத் தம்முடன் வைத்து உணவளித்துக் கற்பித்தவர். அவருடைய தோற்றத்தை உருவாக்கியது பொருட்செல்வம் அன்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இக்காலத்து உளவியலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். இந்தியாவில் பிறந்த நளினி அம்பாடி என்ற அறிஞரும் இராபர்ட் ரோசென்தாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. கல்லூரி ஆசிரியர் 13 பேர் பாடம் நடத்தும்போது எடுத்த ஒளிப்படச் சுருள்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் பத்து நொடித் துண்டுகள் மூன்றைப் பிரித்து, ஒலியை முற்றிலும் நீக்கி, அவர்களை முன்பின் அறியாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்தனர். பருவ முடிவில் அவ்வாசிரியர்களிடம் பயின்ற மாணவர்கள் அளித்த மதிப்பீட்டோடு இதனை ஒப்பிட்டபோது, இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. ஒரு சொல்லும் கேளாமல், அரை நிமிடக் காட்சியைக் கொண்டே அயலார் கணித்தது, ஒரு பருவம் முழுவதும் உடனிருந்தவர்களின் கணிப்பை நெருங்கிவிட்டது.

இதைக் கேட்டு, இனி நடிக்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் மற்றொரு நிகழ்ச்சியையும் அறிதல் நன்று. 1970-இல் அமெரிக்காவில் ‘டாக்டர் பாக்ஸ்’ என்ற பெயரில் ஒருவரைப் பேரறிஞர் என்று அறிமுகம் செய்து, மருத்துவக் கல்வியில் ஈடுபட்டிருந்த உளநல வல்லுநர்கள் முன்னே பேசச் செய்தனர். அவர் உண்மையில் ஒரு நடிகர். முன்னுக்குப்பின் முரணும் பொருளற்ற சொற்களும் நகைச்சுவையும் கலந்த அப்பேச்சைக் கேட்டவர்கள் அதனைப் பெரிதும் பாராட்டி மதிப்பிட்டனர். அவர் நடிகர் என்பதை ஒருவரும் கண்டறியவில்லை. 1973-இல் இதன் முடிவுகள் வெளியிடப்பட்டன. கற்றறிந்த அவையையே ஒரு மணி நேரம் ஏமாற்ற இயலுமாயின், பதினெட்டு அகவை இளைஞரை ஏமாற்றுவது அரிதன்று. ஆனால் அந்த நடிகர் ஒருநாள் பேசிவிட்டுப் போனவர். ஆசிரியரோ நாள்தோறும் அதே மாணவர் முன் நிற்க வேண்டியவர். இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவன் எழுந்து ஐயம் வினவும்போது வேடம் கலைந்துவிடும்.

எனவே தோற்றம் என்பதை உள்ளிருக்கும் தகுதி புறத்தே வெளிப்படும் வழியாகவே கொள்ளல் வேண்டும். அவ்வழியை நன்னூலார் மலர் என்னும் உவமையில் அழகுற அமைத்துள்ளார். மலருக்கு அவர் கூறும் இயல்புகளுள் ஒன்று, உரிய பொழுதில் முகமலர்தல். இதில் இரண்டு செய்திகள் உள்ளன என்பது நம் கருத்து. முகமலர்ச்சி ஒன்று, பொழுது தவறாமை மற்றொன்று. மணியடித்துப் பத்து நிமிடம் கழித்து வரும் ஆசிரியர், பிந்தி வரும் மாணவனை வாயிலில் நிறுத்தும் உரிமையை இழந்துவிடுகிறார். மாணவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆடையும் இத்தகையதே. விலையுயர்ந்த ஆடை வேண்டியதில்லை. துவைத்து மடித்த எளிய வேட்டி சட்டையோ புடைவையோ போதும். நீங்கள் எனக்கு முக்கியமானவர்கள், உங்கள் முன் வருவதற்காக நான் ஆயத்தமாகி வந்துள்ளேன் என்று அது சொல்லாமற் சொல்லுகிறது. பழுப்பேறிய குறிப்பேட்டைப் பிரித்து, தலை நிமிராமல் படித்துச் செல்லும் வழக்கம் அதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்லும். பாடஞ்சொல்லும் முறையை விளக்குமிடத்து, சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரைவும் வெகுளியும் இன்றி உரைக்க வேண்டும் என்றும் நன்னூலார் கூறுகின்றார். இன்று பயிற்சி முகாம்களில் இதைத்தான் புதுச் சொற்களால் கூறுகின்றனர்.

நிறைகோல் என்னும் உவமை இன்னும் கடுமையானது. ஐயம் தீரப் பொருளை உணர்த்துவதும் நடுவுநிலை பிறழாமையும் அதன் இயல்புகள். ஆசிரியரைப் பற்றிய மதிப்பு மாணவர் நெஞ்சில் நிலைபெறுவதும் உடைவதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான். அக மதிப்பீட்டு மதிப்பெண்களை எந்த அளவுகோலால் இட்டார் என்பது விளங்காதபோது, எத்துணை நயமாகப் பேசினாலும் அவர் பேச்சில் மாணவனுக்கு ஐயமே எஞ்சும். விடைத்தாள்களைக் காலத்தில் திருத்தித் திருப்பித் தருவதும், ஏன் மதிப்பெண் குறைந்தது என்பதை ஓரத்தில் ஒரு வரியேனும் எழுதுவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். இல்லத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவன் அந்த ஒரு வரியைப் பலமுறை படிப்பான். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளில் அடங்கிய ஆசிரியர் தொழில் ஒழுக்க நெறியும், சமயம், சாதி, பால், பொருள்நிலை முதலியன பாராது மாணவரை நடுநிலையோடு நடத்த வேண்டும் என்றும், வகுப்பு நேரத்திற்கு வெளியேயும் ஊதியம் கருதாது வழிகாட்ட வேண்டும் என்றும் பணிக்கிறது.

ஈண்டு நன்னூலாரோடு நாம் மாறுபடும் ஓரிடத்தையும் சொல்லிவிடுவது நேர்மையாகும். நல்லாசிரியர்க்குரிய பண்புகளுள் முதலாவதாக அவர் வைப்பது குலம். அஃது அக்காலத்து எண்ணம். இன்று அதனை ஏற்பதற்கில்லை. சைவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர் கூட்டத்தில் நாகூர் குலாம் காதிறு நாவலரும் கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும் இருந்தனர் என்பதை நினைக்கும்போது, நிறைகோல் என்னும் உவமையே குலம் என்னும் சொல்லை வென்றுவிட்டது எனலாம்.

வினாவும் விடையும் பற்றி ஒன்று கூற வேண்டும். அமெரிக்க அறிஞர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாவைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியளவே என்று கண்டார். அதனை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன; தாமே முன்வந்து விடை கூறுவோர் பெருகினர். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு அச்சந்தருவது. தாம் தடுமாறுவதாக மாணவர் நினைப்பரோ என்று அஞ்சி அவரே விடையைச் சொல்லிவிடுகிறார். அந்த அமைதியைத் தாங்கும் திண்மையே நிலத்தின் பொறை. அதுபோலவே, விடை தெரியாத வினா எழும்போது “பார்த்து நாளை சொல்கிறேன்” என்று கூறி, மறுநாள் மறவாமல் சொல்லும் ஆசிரியரை மாணவர் குறைத்து மதிப்பதில்லை. மறந்துவிடுபவரையே குறைத்து மதிக்கின்றனர்.

ஆசிரியர் ஆகாதவர்க்கும் நன்னூலார் நான்கு உவமைகள் தந்துள்ளார். போட்ட வரிசையின்றிக் கொட்டும் கழற்குடம், நெருங்கவிடாத மடற்பனை, சிறிது சிறிதாகவே உதிர்க்கும் பருத்திக்குண்டிகை ஆகிய மூன்றையும் விரிக்க வேண்டியதில்லை. நான்காவதாகிய முடத்தெங்கைப் பற்றி மட்டும் சிறிது கூறலாம். வளர்த்தவன் நீரூற்றிக் காத்திருக்க, வளைந்து வேலிக்கு அப்பால் காயைத் தருவது அது. பட்டிமன்ற மேடைகளிலும் வெளியூர்க் கருத்தரங்குகளிலும் ஆரவாரத்தோடு முழங்கிவிட்டு, தம் வகுப்பில் மட்டும் களைப்போடு வந்து அமரும் பேராசிரியர்களை நாம் அறிவோம். மேடை ஒலிநாடாக்களில் கேட்ட அந்தக் குரலைத் தம் வகுப்பில் ஒருநாளேனும் கேட்கக் கூடாதா என்று அவர்களுடைய மாணவர்கள் ஏங்குவதையும் அறிவோம்.

இப்போது கைப்பேசியும் வகுப்புக்குள் வந்துவிட்டது. மாணவனிடமிருந்து அதனை வாங்கி மேசைமேல் வைக்கும் ஆசிரியர், தம்முடையது ஒலித்தவுடன் வெளியே சென்று பேசிவிட்டு வருவாராயின், அந்தக் கட்டளைக்கு மதிப்பில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் நள்ளிரவில் அனுப்பும் செய்தியும், அங்கு உடன்பணியாற்றுவோரைப் பற்றி எழுதும் கேலியும் ஆசிரியரின் தோற்றத்தில் அடங்கியவையே. வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முன்பு அடங்கியிருந்த தோற்றம் இன்று படமெடுக்கப்பட்டு ஊர் முழுவதும் செல்லக்கூடியது.

எல்லாவற்றினும் எளியது, மாணவரின் பெயரை அறிதல். வருகைப் பதிவேட்டில் எண்ணை மட்டும் அழைத்துச் செல்வது விரைவானதுதான். ஆயினும் முதல் மாதத்திற்குள் 60 பெயர்களையும் முகங்களோடு பொருத்தி அறிந்துகொள்வது இயலாத செயலன்று. நாளொன்றுக்கு மூன்று பெயர் என்று கொண்டால் 20 வேலைநாள்களில் முடிந்துவிடும். கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது.