உடைந்தால் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி!

குழந்தைகளே, அம்மா சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டை கேட்டு வாங்குங்கள். அதை இரண்டாகப் பிட்டு, மறுபடி சேர்த்து அழுத்துங்கள். ஒட்டிக்கொள்ளும். சுட்ட சப்பாத்தியைப் பிய்த்துவிட்டு ஒட்டிப் பாருங்களேன், நடக்காது!

இப்போதுள்ள செல்போன் பேட்டரி, சுட்ட சப்பாத்தி மாதிரிதான். உள்ளே இரண்டு மின்முனைகள், நடுவே மெல்லிய தடுப்புத் தாள். வளைத்தாலோ குத்தினாலோ தாள் கிழிந்து, முனைகள் தொட்டுக்கொள்ளும், சூடேறித் தீப்பிடிக்கலாம். என் பேரன் ஒருநாள் உப்பிப்போன பழைய பேட்டரியை ஆணியால் குத்தக் கிளம்பினான்! நல்லவேளை, பார்த்துவிட்டேன். உப்பிய பேட்டரியைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

தாத்தாவின் நாடித்துடிப்பை அளக்க, கையில் கட்டும் கருவிகள் வந்துவிட்டன. கை மடங்கும், நீளும். பேட்டரியும் கூடவே வளைந்தால்தானே வசதி? வளைய வளைய விரிசல் விடுமே! நம் திண்டுக்கல் பூட்டு பழுதானால் திறந்து சரிசெய்யலாம். மூடி ஒட்டிய பேட்டரிக்குள் யார் போய் விரிசலை அடைப்பது? அதுவே அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ், யி சுய் ஆகியோரின் குழுக்கள் 2013இல் இதற்கு ஒரு வழி காட்டின. சிலிக்கான் மின்முனை நிறைய மின்சாரம் சேமிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு பருக்கும், இறங்கும்போது சுருங்கும். கோடையில் காய்ந்த குளத்து மண் போல வெடித்துவிடும். அதன்மேல் ரப்பர் போன்ற ஒரு பாலிமரைப் பூசினார்கள். அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. அவை சுலபமாக அறும், சுலபமாகச் சேரும். நம் மாவு உருண்டையேதான்! மின்சாரம் பாய, நுண்ணிய கரித்துகளும் கலந்தார்கள். விரிசல்கள் சில மணி நேரத்தில் மூடிக்கொண்டன.

அந்த மின்முனை சுமார் 100 முறை சார்ஜ் ஏறி இறங்கியும் நன்றாக உழைத்தது. செல்போனுக்கோ 500 முறையாவது வேண்டும். மின்சாரக் காருக்கு 3,000!

பேட்டரி ஆராய்ச்சி என்றால் வெளிநாடுதான் என்று நினைக்காதீர்கள். நம் ஊரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். லித்தியம் பேட்டரிகளைப் பற்றி அங்கே இன்றும் ஆராய்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு மின்வேதியியல் பொறியியல் படிக்கவும் அங்கே இடமுண்டு.