இராமதூதரின் மனநிலைகள்

சுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்யும் இல்லங்களில் கடல் தாண்டுதலையும், கணையாழி வழங்குதலையும், இலங்கை எரிவதையும் ஆவலுடன் எதிர்நோக்குவோம். இடையே உள்ள 12, 13-ஆம் சருக்கங்களை விரைந்து கடந்துவிடுவதுண்டு. உபந்யாசங்களிலும் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து வாடிய முகத்துடன் திரும்பும் மகனுக்கோ மருமகளுக்கோ எடுத்துச் சொல்லத் தக்கது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இட்ட பணியை நிறைவேற்ற வந்த ஒருவரின் மனம் எப்படியெல்லாம் அலைகிறது என்பதை வால்மீகி முனிவர் அங்கே மறைக்காமல் காட்டுகிறார்.

பணியின் சுமை கிஷ்கிந்தையிலேயே தொடங்கிவிட்டது. சுக்ரீவன் வைத்த கெடு ஒரு மாதம். தவறினால் மரண தண்டனை. கெடு கடந்ததும், வெறுங்கையுடன் திரும்புவதைவிட உண்ணாதிருந்து உயிர் விடுவதே மேல் என்று அங்கதன் தரையில் அமர்கிறான். உடனிருந்த வானரர்களும் அழுதபடி அமர்ந்துவிடுகின்றனர். மேலாளர் முகம் வாடி நுழைந்தால் அன்று அலுவலகம் முழுவதும் வாடுவது இன்று தோன்றிய வழக்கமன்று.

இலங்கையில், உறங்கும் மண்டோதரியைக் கண்டு சீதை என்றெண்ணி ஆஞ்சநேயர் துள்ளிக் குதிக்கிறார், வாலை முத்தமிடுகிறார், தூண்களில் ஏறி இறங்குகிறார். அது பிராட்டி அல்லள் என்று சிறிது நேரத்திலேயே தெளிகிறார். பிறகு எங்கு தேடியும் காணாமல் சோர்வு சூழ்கிறது. சோர்வடையலாகாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மீண்டும் தேடுகிறார். அப்போதும் பிராட்டியைக் காணவில்லை. முன்னிலும் பெரிய துயரம் வந்து கவிகிறது. சொல்லின் செல்வருக்கே தேறுதல் மொழி ஒரு முறை போதவில்லை!

அந்த நிலையில் அவர் எண்ணிப் பார்ப்பது வியப்புக்குரியது. 'காணவில்லை' என்று தாம் சென்று சொன்னால் இராமன் உயிர் தரியான். அவனைத் தொடர்ந்து இலக்குவன், பரதன், சத்ருக்னன், அன்னையர். அப்பால் சுக்ரீவன், தாரை, அங்கதன், வானரக் குலம் என்று வரிசையாக நினைக்கிறார். தம் விரக்தி பிறர்மீது எவ்வாறு பரவும் என்பதைக் கணக்கிட்டு, திரும்பிச் செல்லாமல் நிற்கிறார். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வருகிறது. உயிரோடு இருந்தால் நன்மை காணலாம் என்று அதையும் விலக்குகிறார். அவரை மீட்டது பெரிய தத்துவம் எதுவுமன்று. இன்னும் தேடாத ஓர் அசோகவனம் கண்ணில் பட்டது, அவ்வளவே.

வெற்றிக்குப் பின்னும் மனம் அவரைச் சோதிக்கிறது. இலங்கைக்குத் தீயிட்ட பின், சினத்தில் பிராட்டியையும் எரித்துவிட்டோமோ என்று நடுங்குகிறார். அன்னைக்குத் தீங்கில்லை என்று சாரணர்கள் பேசுவதைக் கேட்ட பிறகே ஆறுதல் அடைகிறார்.

மதுவனக் காட்சியும் இதனோடு சேர்ந்ததே. மகிழ்ச்சி மிகுந்த வானரர்கள் சுக்ரீவனின் சோலையை அழித்துத் தேன் பருகுகின்றனர். தடுத்த காவலர் தலைவர் ததிமுகர் சுக்ரீவனின் தாய்மாமன். அவரையும் அங்கதன் அடித்துவிடுகிறான். முறையீட்டைக் கேட்ட சுக்ரீவன் சினக்கவில்லை. காரியம் கைகூடாமல் இவர்கள் இத்தனை துணியமாட்டார்கள் என்று உணர்ந்து மகிழ்கிறான். ஊழியர்களின் மனநிலையைக் கொண்டே செய்தியை அறிந்த அரசன் அவன்.

ததிமுகரோ சோலைக்குத் திரும்பி, காவலர்கள் அறியாமல் தடுத்ததைப் பொறுத்தருளுமாறு அங்கதனிடம் கைகூப்பி வேண்டுகிறார். அடிபட்டவர் அவர்; மன்னிப்புக் கேட்பவரும் அவரே. பாராயணத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் அந்த முதியவருக்காக மனம் சற்றே நோகிறது.